தில்லியிலிருந்து டோக்கியோவுக்கு

தில்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? அதனைக் கடக்க விமானத்திற்கு எத்துணை நேரம் வேண்டும்? இவ்விரு வினாக்களும் பார்வைக்கு மிக எளியன. தொலைவை வேகத்தால் வகுத்துவிட்டால் விடை வந்துவிடும் என்றே எவரும் நினைப்பர். ஆயினும், விமானம் செலுத்துவோரிடம் இதனைக் கேட்டுப் பாருங்கள். அவர் உடனே விடை கூறமாட்டார். "எந்த வழியாக? எந்த மாதத்தில்? போவதற்கா, வருவதற்கா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். போவதற்கு ஒரு நேரமும் வருவதற்கு வேறு நேரமும் உண்டோ என்று நாம் வியப்போம். உண்டு. அவ்வேறுபாடு சில நிமிடங்கள் அன்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதன் காரணத்தைத் தேடிச் சென்றால், நிலநூலும் வானிலை நூலும் கணக்கும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதைக் காணலாம்.

முதலில் தொலைவை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சுவரில் தொங்கும் ஆசியப் படத்தில் இவ்விரு நகரங்களையும் அடிகோலால் இணைத்து ஒரு நேர்க்கோடு வரைகிறோம் எனக் கொள்வோம். அக்கோடே மிகக் குறுகிய வழி என்று கண் துணிந்துவிடுகிறது. ஆனால் கண் இங்கே ஏமாறுகிறது. உலகம் உருண்டை; படமோ தட்டை. ஆரஞ்சுப் பழத்தின் தோலைக் கிழியாமலும் இழுபடாமலும் மேசைமேல் பரப்ப எவராலும் இயலாது. உலகப் படம் வரைவோரும் எங்கேனும் ஓரிடத்தில் நிலத்தை இழுத்தே ஆகவேண்டும். 1569ஆம் ஆண்டில் மெர்க்காட்டர் என்பார் வகுத்த படமுறை கடலோடிகளுக்குப் பெரிதும் பயன்பட்டது. அப்படத்தில் வரையும் நேர்க்கோடு, திசைகாட்டி முள் காட்டும் ஒரே திசையை விடாமல் பற்றிச் செல்லும் வழியைக் காட்டும். வழி தவறாமல் செல்ல அது நல்ல துணை. குறுகிய வழியை அறிய அது துணையாகாது.

குறுகிய வழியை அறிய வேண்டுமாயின் நிலவுருண்டையை நாட வேண்டும். ஒரு மீட்டர் சுற்றளவுள்ள உருண்டை ஒன்று உங்கள் பள்ளியில் இருக்குமாயின் இதனை நீங்களே செய்து பார்க்கலாம். தில்லியின்மேல் ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையை டோக்கியோவின்மேல் வைத்து, தளர்வின்றி இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் படிந்துகொள்ளும். அந்நூலை அளந்தால் பதினாலரைச் சென்டிமீட்டருக்குச் சிறிது மிகுதியாக இருக்கும். உலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். எனவே இவ்வுருண்டையின்மேல் ஒரு சென்டிமீட்டர் என்பது 400 கிலோமீட்டருக்குச் சமம். பெருக்கிப் பார்த்தால் தொலைவு கிடைத்துவிடும்.

கணக்கால் இதனை இன்னும் நுட்பமாக அறியலாம். தில்லி வடக்கே 28½ பாகையிலும், டோக்கியோ 35½ பாகையிலும் உள்ளன. கிழக்கே அளந்தால் ஒன்று 77 பாகை, மற்றொன்று 140 பாகை. உலகின் நடுவிலிருந்து இவ்விரு நகரங்களுக்கும் இரண்டு கோடுகள் இழுத்தால் அவற்றின் இடையே ஏறத்தாழ 52.7 பாகைக் கோணம் அமையும். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி என்பதால், தொலைவு ஏறத்தாழ 5,860 கிலோமீட்டர் ஆகிறது. விமானிகள் இதனைக் கிலோமீட்டரால் கூறுவதில்லை. கடல் மைலால் கூறுவர். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அஃதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஆகவே கோணத்தை 60ஆல் பெருக்கினால் கடல் மைல் வந்துவிடும். கடலோடிகள் வகுத்த அளவை வானோடிகள் அப்படியே எடுத்துக்கொண்டதன் காரணம் இவ்வெளிமையே.

அந்நூலை மீண்டும் ஒருமுறை உற்று நோக்குங்கள். அது தில்லியை விட்டு வடகிழக்கே புறப்பட்டு, இமயமலையைத் தாண்டி, திபெத்தின் மேலாகச் சென்று, சீனத்தின் மஞ்சள் ஆற்று நாட்டைக் கடந்து, ஷாண்டுங் தீபகற்பத்தின் அருகே 37 பாகை வரை வடக்கே ஏறி, பின்பு கொரியாவின் மேலாகச் சரிந்து டோக்கியோவில் இறங்குகிறது. இரு நகரங்களும் 36 பாகைக்குத் தெற்கே இருக்க, அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வழி அவ்விரண்டினும் வடக்கே போய் வருகிறது! சுவர்ப் படத்தில் அது வில்போல் வளைந்து, சுற்று வழிபோலத் தோன்றும். ஆயினும் ஒரே திசையைப் பற்றிச் செல்லும் வழியைவிட அது 90 கிலோமீட்டர் அளவு குறைவு. விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தொலைவு கூடிவிடாதோ எனச் சிலர் ஐயுறலாம். கூடும், மொத்தத்தில் 10 கிலோமீட்டர் மட்டுமே கூடும். உலகின் பருமைக்கு முன் நம் விமானங்கள் ஏறும் உயரம் அத்துணைச் சிறியது.

முற்காலத்தில் இத்தொலைவை எவ்வாறு கடந்தனர் என்பதையும் சிறிது நினைத்துப் பார்ப்போம். தென்னிந்தியாவிற் பிறந்தவர் எனக் கூறப்படும் போதிசேனர் என்னும் பௌத்தத் துறவி, சீனத்தின் வழியாகச் சென்று 736ஆம் ஆண்டில் ஜப்பானை அடைந்தார். 752இல் நாரா நகரத்துப் பெரும் புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் விழாவை நடத்தி வைத்தவர் அவரே. அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. சென்ற இடத்திலேயே மறைந்தார். அந்நாளில் அத்தகைய பயணம் பெரும்பாலும் ஒரு வழிப் பயணமே.

நீராவிக் கப்பல் வந்தபின் ஆண்டுகள் வாரங்களாகச் சுருங்கின. சுவாமி விவேகானந்தர் 1893 மே 31ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறினார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் ஆகிய துறைகளைக் கண்டு ஜப்பானை அடைந்தார். ஜூலை 10ஆம் நாள் யோகோகாமாவிலிருந்து சென்னையிலிருந்த தம் அன்பர்களுக்கு மடல் எழுதினார். இடையிடையே தங்கிச் சென்றாராதலின் அவருக்கு நாற்பது நாட்கள் ஆயின. 1916இல் கவி தாகூர் கல்கத்தாவிலிருந்து 'டோசா மாரு' என்னும் ஜப்பானியக் கப்பலில் மே மாதத் தொடக்கத்தில் புறப்பட்டு அம்மாத இறுதியில் கோபே துறைமுகத்தை அடைந்தார். இன்று அதே தொலைவை ஓர் இரவில் கடக்கிறோம்.

விமானம் வானத்தில் செல்கிறது; வானத்தில் மலையும் இல்லை, ஆறும் இல்லை; ஆகவே நாம் நூலை இழுத்துப் பிடித்த வழியிலேயே அது பறக்கும் என்று எண்ணுவோம். அதுவும் பொய்த்துவிடுகிறது. தில்லியிலிருந்து டோக்கியோ செல்லும் விமானங்கள் பெரும்பாலும் திபெத்தை விலக்கி, வங்காளத்தின் பக்கமாகக் கிழக்கே சென்று, மியான்மரையும் சீனத்தின் யுன்னான் மாநிலத்தையும் கடந்தே செல்கின்றன. இமயத்தின் உச்சி 8,849 மீட்டர்; விமானம் பறப்பதோ அதற்கும் மேலே. பின் ஏன் இந்த அச்சம்?

அச்சம் மலையில் மோதுவது பற்றியதன்று. 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிந்தது; அங்கே மனிதர் சில நொடிகளுக்கு மேல் அறிவு தெளிந்திருக்க இயலாது. ஆதலால் விமானத்தின் உள்ளே காற்றை அடர்த்தியாக்கி வைத்திருக்கின்றனர். ஏதேனும் ஒரு பழுதால் அக்காற்று வெளியேறிவிடுமாயின், பயணிகளின் தலைக்கு மேலிருந்து உயிர்வளி முகமூடிகள் விழும். பல விமானங்களில் அவை கால்மணி அளவே பயன் தரும். அதற்குள் விமானம் 10,000 அடி உயரத்திற்கு, அஃதாவது ஏறத்தாழ 3,050 மீட்டருக்கு இறங்கிவிட வேண்டும். அவ்வுயரத்தில் முகமூடியின்றி மூச்சுவிடலாம். கடலின்மேலும் சமவெளியின்மேலும் இது எளிது. திபெத்தின்மேலோ? அப்பீடபூமியின் நிலமே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. இறங்க வேண்டிய உயரம் அங்கே நிலத்துக்கு அடியில் கிடக்கிறது! வழியில் இறங்குவதற்கு ஏற்ற விமான நிலையங்களும் அங்கே மிகச் சில. ஆகவே நூல் காட்டும் நேர்வழியை விட்டு, சில நூறு கிலோமீட்டர் சுற்றிச் செல்வதை விமானிகள் விரும்புகின்றனர்.

வானத்தில் மலை இல்லை என்றோம், எல்லைகள் உண்டு. 1944ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானம் முழுவதும் உரிமையானது. அந்நாட்டின் இசைவின்றி எந்த அயல்நாட்டு விமானமும் அதன்மேல் பறத்தல் ஆகாது. 1950களின் நடுவில் இந்திய விமானங்கள் டோக்கியோவுக்குச் செல்லத் தொடங்கியபோது, சீன நாட்டின் குறுக்கே செல்லும் வழி அவற்றுக்கு இல்லை. தில்லியிலிருந்து செல்பவர் கல்கத்தாவுக்கு 1,300 கிலோமீட்டர், அங்கிருந்து பாங்காக்குக்கு 1,600, அடுத்து ஹாங்காங்குக்கு 1,700, பின்னர் டோக்கியோவுக்கு 2,900 என்று கண்ணி கண்ணியாகச் செல்ல வேண்டியிருந்தது. கூட்டினால் 7,500 கிலோமீட்டர்; நேர்வழியைவிட 1,600 கிலோமீட்டருக்கு மேல் மிகுதி. அந்நாளைய விமானங்கள் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் சென்றன. வானில் கழியும் நேரமே பதினைந்து மணி. ஒவ்வோர் ஊரிலும் எரிபொருள் ஏற்றிக்கொள்ளத் தங்கும் நேரம் வேறு.

இனி நாம் தொடக்கத்தில் விட்டுவந்த புதிருக்கு வருவோம். போவதற்கும் வருவதற்கும் நேரம் ஏன் வேறுபடுகிறது?

பலர் உடனே கூறும் காரணம் ஒன்றுண்டு. உலகம் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆதலால் மேற்கே வரும் விமானத்தை நோக்கி ஊர் எதிர்கொண்டு வரும், நேரம் குறையும் என்பர். இக்கூற்று இருவகையில் பிழையானது. முதலாவது, நடைமுறையில் நேரம் மிகுவதே மேற்கே வரும்பொழுதுதான். இரண்டாவது, உலகம் சுழலும்போது அதனைப் போர்த்தியுள்ள காற்றும் உடன் சுழல்கிறது; விமானம் அக்காற்றில் மிதந்து செல்வது. டோக்கியோ இருக்கும் பாகையில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. காற்று உடன் வராதிருந்தால், நம் வீட்டுக் கூரை ஒரு கணமும் நில்லாது அன்றோ?

உண்மைக் காரணம் உயர்வானத்தில் ஓடும் ஒரு காற்றாறு. அதனை முதன்முதலில் முறையாக அளந்தவர் டோக்கியோவின் வடகிழக்கே தடேனோ என்னும் இடத்திலிருந்த வானாய்வு நிலையத்தின் தலைவர் ஓயிஷி வாசபுரோ. அவர் வளி நிரப்பிய சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எத்திசையில் எவ்வளவு விரைந்து செல்கின்றன என்பதை நிலத்திலிருந்து தொலைநோக்கியால் பின்தொடர்ந்து குறித்தார். 1923 முதல் 1925 வரை இவ்வாறு 1,288 முறை அளந்தார். குளிர்காலத்தில் 9 கிலோமீட்டருக்கு மேல் மேற்கிலிருந்து வீசும் காற்று வினாடிக்கு 70 மீட்டர் அளவில், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் விரைவதைக் கண்டார். நிலத்தில் பெரும் புயலுக்கும் அத்துணை வேகம் அருமை. 

இவ்வரிய செய்தியை 1926இல் அவர் வெளியிட்டார். எம்மொழியில் வெளியிட்டார் என்பதே இதில் வருத்தத்திற்குரியது. உலகத்தார் அனைவரும் படிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், உலகப் பொதுமொழியாக வளரட்டும் எனச் சாமென்ஹாப் என்பவர் படைத்த எஸ்பெராண்டோவில் அவர் எழுதினார். எல்லோருக்கும் உரிய அம்மொழியை அறிந்தவர் மிகச் சிலரே. அறிக்கை நூல்நிலையங்களில் உறங்கியது.

அவ்வுறக்கத்துக்குப் பின்னர் விலை கொடுக்க நேர்ந்தது. 1944 நவம்பரில் அமெரிக்கக் குண்டு வீச்சு விமானங்கள் டோக்கியோவின்மேல் 9 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது, எதிர்பாராத பெருங்காற்று அவற்றைத் தூக்கிச் சென்றது. விமானிகள் திகைத்தனர், குறி வைத்த ஆலையை விட்டுக் குண்டுகள் வேறிடங்களில் விழுந்தன. ஜப்பானியரோ அக்காற்றை நன்கறிந்திருந்தனர். அதே மாதம் முதல் அவர்கள் காகிதத்தாற் செய்த பெரும் பலூன்களில் குண்டுகளைக் கட்டி அக்காற்றில் விடுத்தனர். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்கள் விடப்பட்டன. பல நூறு பலூன்கள் பசிபிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்கக் கண்டத்தை அடைந்தன. 1945 மே 5ஆம் நாள் ஆரிகான் மாநிலத்துக் காடொன்றில், உல்லாசமாகப் பொழுதுபோக்கச் சென்ற ஒரு பெண்மணியும் ஐந்து சிறுவரும் அத்தகைய பலூன் ஒன்றன் குண்டு வெடித்து மாண்டனர். காற்றுக்குப் பகையும் இல்லை, நட்பும் இல்லை; அதனை அறிந்தவர் கையில் அது கருவியாயிற்று.

போர் முடிந்த பின்னர் அக்காற்றே பயணிகளுக்குத் துணையாயிற்று. 1952 நவம்பர் 18ஆம் நாள் டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று, வேண்டுமென்றே உயரே ஏறி அவ்வோட்டத்திற் புகுந்தது. வழக்கமாகப் பதினெட்டு மணி நேரம் எடுக்கும் பயணம் பதினொன்றரை மணியில் முடிந்தது. எந்திரத்தின் ஆற்றல் சிறிதும் கூடவில்லை. வானிலை அறிஞர் இவ்வோட்டத்தை இன்று 'ஜெட் காற்று' என்பர்.

இக்காற்று ஏன் ஜப்பானின்மேல் அத்துணை வலிமை பெறுகிறது? குளிர்காலத்தில் சைபீரியாவின் உறைபனிக் காற்று ஒருபுறம். பசிபிக் கடலின் வெப்பக் காற்று மறுபுறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெப்பநிலை வேறுபாடு மிகக் கூர்மையாக இருத்தலின், உயரே காற்று விரைந்தோடுகிறது. இதற்கு மேல், நாம் முன்னே கண்ட திபெத் பீடபூமியும் இதிற் பங்கு கொள்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று அப்பெரும் மேட்டில் முட்டி, ஆற்றின் நடுவே கிடக்கும் பாறையால் நீர் பிரிவதுபோல, வடக்கும் தெற்குமாக இரண்டு கிளையாகப் பிரிகிறது. கீழ்த்திசையில் ஜப்பானை அணுகும்போது அவ்விரு கிளைகளும் மீண்டும் ஒன்று கூடுகின்றன. கோடையில் இவ்வோட்டம் தளர்ந்து வடக்கே ஒதுங்கிவிடும். விமானி "எந்த மாதத்தில்?" என்று வினவியதன் பொருள் இப்போது விளங்கும்.

இனி ஒரு கணக்கு. விமானத்தின் வழி, சுற்றையும் சேர்த்து, 6,000 கிலோமீட்டர் என்றும், காற்றில் அதன் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். காற்றே வீசாத நாளில் செல்ல 6 மணி 40 நிமிடம், திரும்ப 6 மணி 40 நிமிடம். ஆக 13 மணி 20 நிமிடம். இப்போது வழி நெடுக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மேல்காற்று வீசுகிறது எனக் கொள்வோம். கிழக்கே செல்லும்போது நிலத்தின்மேல் வேகம் 1,000. நேரம் 6 மணி. மேற்கே வரும்போது வேகம் 800. நேரம் ஏழரை மணி. போகும்போது 40 நிமிடம் மிச்சம். வரும்போது 50 நிமிடம் நட்டம். கூட்டினால் 13 மணி 30 நிமிடம். போகும்போது பெற்ற உதவியை வரும்போது திருப்பிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்றுதானே எண்ணினோம்? ஆகவில்லை. எதிர்காற்றில் விமானம் நெடுநேரம் இருக்கிறது. உதவும் காற்றிலோ குறைந்த நேரமே இருக்கிறது. அதனால்தான் காற்று வாங்கிக்கொள்வது எப்பொழுதும் கொடுப்பதைவிட மிகுதி.

உண்மையான பயணங்களில் நேரம் இதனினும் நீளும். விமானம் நகரத் தொடங்கிய கணமுதல் இறங்கி நிற்கும் கணம் வரை கணக்கிட வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், ஏறுவதும், இறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் அதில் அடங்கும். இவற்றோடு சேர்த்து, தில்லியிலிருந்து டோக்கியோவுக்கு ஏழரை முதல் எட்டு மணி நேரமும், குளிர்காலத்தில் டோக்கியோவிலிருந்து தில்லிக்கு ஒன்பதரை மணியும் அதற்கு மேலும் ஆகின்றன.

ஆனால் பயணச் சீட்டைப் பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். தில்லியில் இரவு 9 மணிக்கு ஏறி, டோக்கியோவில் மறுநாட் காலை 8 மணிக்கு இறங்குகிறோம் எனக் கொள்வோம். கடிகாரக் கணக்கில் 11 மணி நேரம். டோக்கியோவிற் காலை 11 மணிக்கு ஏறி, தில்லியில் அன்று மாலை 5 மணிக்கு இறங்குகிறோம். 6 மணி நேரமே! விரைந்து சென்ற பயணம் நீண்டதாகவும், மெல்ல வந்த பயணம் குறுகியதாகவும் சீட்டு கூறுகிறது. காரணம் எளிது. இந்தியாவின் பொது நேரம் கிழக்கே 82½ பாகைக் கோட்டையும், ஜப்பானின் பொது நேரம் ஆகாஷி நகரின் வழியே செல்லும் 135 பாகைக் கோட்டையும் அடிப்படையாகக் கொண்டவை. இடையே 52½ பாகை. பாகைக்கு 4 நிமிடமாக 210 நிமிடம். அஃதாவது மூன்றரை மணி. போகும்போது அதனைக் கழிக்க வேண்டும். வரும்போது கூட்ட வேண்டும். கழித்தால் 11 மணி ஏழரை ஆகும். கூட்டினால் 6 மணி ஒன்பதரை ஆகும். இதனை மறந்து, ஊரிலுள்ளோர் விமான நிலையத்தில் தவறான வேளையில் வந்து காத்து நிற்பதும் உண்டு.

காற்று நேரத்தை மட்டும் மாற்றுவதன்று. 1966 மார்ச் 5ஆம் நாள் டோக்கியோவிலிருந்து ஹாங்காங் நோக்கிப் புறப்பட்ட விமானம் ஒன்று பியூஜி மலையின் அருகே சென்றது. வானம் தெளிந்திருந்தது, மேகமே இல்லை. ஆனால் வலிய மேல்காற்று அம்மலையில் மோதி, அதன் மறுபுறத்தில் கண்ணுக்குப் புலனாகாத பேரலைகளாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவ்வலைகளிற் சிக்கிய விமானம் வானிலேயே சிதைந்தது. அதிலிருந்த 124 பேரும் மாண்டனர். தெளிந்த வானமும் தீங்கு மறைத்திருக்கக் கூடும் என்பதை அதன்பின் வானிலை அறிஞர் மேலும் ஊன்றி ஆராயலாயினர்.

இக்கணக்குகள் எல்லாம் இறுதியில் எரிபொருளில் வந்து நிற்கின்றன. இவ்வழியிற் பறக்கும் பெரிய விமானம் ஒன்று மணிக்கு 5 டன் அளவு எரிபொருளைச் செலவிடும். இரண்டு மணி நேரம் கூடினால் 10 டன் கூடுதல். வேண்டிய மட்டும் நிரப்பிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். எரிபொருளும் ஒரு சுமையே. அச்சுமையைத் தூக்கிச் செல்லவே மேலும் எரிபொருள் செலவாகும். ஆதலால் புறப்படுவதற்கு முன், வழி நெடுக ஒவ்வோர் உயரத்திலும் வீசும் காற்றைப் பார்த்து, சேரிடம் வரை இவ்வளவு, சேரிடத்தில் இறங்க இயலாவிடின் மாற்றிடம் வரை இவ்வளவு, அங்கே வட்டமிட 30 நிமிடத்துக்கு இவ்வளவு என்று பகுத்து அளந்து ஏற்றுகின்றனர். அக்கடைசி 30 நிமிட எரிபொருளைத் தொட நேரும் என்று தெரிந்தால், விமானி அபாய அழைப்பு விடுத்தே ஆகவேண்டும்.

இதில் தில்லிக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஜெட் காற்று மிக வலிமை பெறும் டிசம்பர், ஜனவரி மாதங்களிலேதான் தில்லியை மூடுபனியும் மூடுகிறது. ஜனவரி மாதத்தில் ஒரு நாள், டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பட்ட விமானம் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். பத்து மணி நேரம் எதிர்காற்றோடு போராடி, இரவு பதினொன்றரை மணிக்கு அது தில்லியை நெருங்குகிறது. கீழே நகரம் இல்லை. வெண்மையான பனிப்பரப்பே உள்ளது. கருவிகளின் துணையால் மூடுபனியிலும் இறங்கும் வசதி தில்லியில் உண்டு; எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு; அதற்குத் தகுதி பெற்ற விமானமும் விமானியும் வேண்டும். முன்வந்த விமானங்கள் வரிசையில் வட்டமிடுகின்றன. பனி சிறிது விலகும் என்று நிலையத்தார் கூறுகின்றனர். எப்போது என்று கூற இயலவில்லை.

விமானி கடிகாரத்தைப் பார்க்கிறார்; எரிபொருள் முள்ளைப் பார்க்கிறார். பின்னால் இருநூறு பேர் தம் பெட்டிகளை எண்ணிக்கொண்டும், வெளியே காத்திருப்போரை நினைத்துக்கொண்டும் அமர்ந்திருக்கின்றனர். இன்னும் பத்து நிமிடம் காத்தால் பாதை திறக்கக்கூடும். அப்பத்து நிமிட எரிபொருள் அவருக்குக் கூடுதலாக உள்ளது. பதினொன்றாம் நிமிடத்துக்கு இல்லை. பதினொன்றாம் நிமிடம் முதல் செலவாவது ஜெய்ப்பூருக்கென வைத்த பங்கு. அவர் பத்து நிமிடம் வட்டமிடுகிறார். பனி விலகவில்லை. அவர் மேலும் ஒருமுறை கேட்பதில்லை. விமானத்தின் முகத்தைத் தென்மேற்கே திருப்புகிறார். சிறிது நேரத்தில் ஜெய்ப்பூரின் ஓடுபாதை விளக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. தில்லிக்கு இன்னும் 240 கிலோமீட்டர் எனப் பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்குகின்றனர்.